சீருடைக்கு முன் சேவை

மொனராகலையில் இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பணியிலே என் தலை நரைத்துவிட்டது. சென்ற தவணையில் மாணவன் ஒருவன் மாணவர் படையிற் சேர விரும்பினான். பால் வெட்டும் தொழில் செய்யும் அவன் அன்னை சம்மதக் கடிதத்தில் ஒப்பமிட மறுத்து, என்னைத் தேடி வந்தார். பயிற்சி என்று அழைத்துப் பின்னொரு நாள் பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதே அவர் அச்சம். நீண்ட போரைக் கண்ட நாட்டில் அதனை அறியாமை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

1881ஆம் ஆண்டிலேயே கொழும்பு றோயல் கல்லூரியில் இத்தகைய பயிற்சி தொடங்கியதென்பது உண்மை. ஆயினும், ஒரு தாயின் அச்சத்துக்குப் பழமை விடையாகாது. அதற்குரிய விடையை நான் கண்டது, பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ருவின் வாழ்க்கையிலே. இந்தியாவின் தேசிய மாணவர் படைக்கு வழிவகுத்தவர் அவர்.

1887ஆம் ஆண்டு ஆக்ராவில், காசுமீரப் பண்டிதர் மரபிற் பிறந்தார் குன்ஸ்ரு. தந்தையார் அயோத்தியாநாத் காங்கிரசின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். மைந்தனின் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தார். வளர்ந்த குன்ஸ்ரு இளமையிலேயே மனைவியையும் இழந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1909இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்து, வாழ்வு முழுவதையும் பொதுப்பணிக்கு ஒப்படைத்தார். 1936இல் அச்சங்கத்தின் தலைவரானார்.

1915இல் அரித்துவாரத்தில் கும்பமேளா நடந்தபோது, யாத்திரிகருக்குத் தொண்டு செய்யத் திரண்ட தொண்டர் படைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. காந்தியடிகளும் தம் குழுவினருடன் அங்கு வந்து உதவினார். அப்படையின் கையில் ஆயுதம் இல்லை, ஒழுங்கு இருந்தது. பின்னர் மாளவியாவுடன் இணைந்து சேவா சமிதிச் சாரணர் இயக்கத்தை வளர்த்தார். சாரண இயக்கங்கள் ஒன்றுபட்டு 1950இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானபோது, அதன் முதல் தேசிய ஆணையாளராகவும் விளங்கினார்.

இவர் போர்வீரர் அல்லர், மிதவாத அரசியலாளர். எனினும், பாதுகாப்புத் துறையை ஆழ்ந்து கற்றவர். இராணுவத்தின் உயர்பதவிகள் இந்தியருக்குக் கிட்டவேண்டும் என்று சட்டசபையில் வாதாடியவர். ஆகவே 1946இல் மாணவர் படை பற்றி ஆராயக் குழுவொன்று அமைந்தபோது, தலைமை இவருக்கு வந்ததில் வியப்பில்லை. மறு ஆண்டு அறிக்கை வெளியாயிற்று. 1948இல் சட்டம் நிறைவேறித் தேசிய மாணவர் படை பிறந்தது. கல்லூரிக்கு ஒரு பிரிவு, பாடசாலைக்கு ஒரு பிரிவு என வகுக்கப்பட்டது. 1949இல் மகளிர் பிரிவும் செயற்பட்டது. இப்படையில் உறுப்பினராயிருப்பதனால் மாத்திரம் ஒருவர் போர்ச்சேவைக்குக் கட்டுப்பட்டவர் ஆகார் என்று அச்சட்டமே கூறுகின்றது. அத்தாயின் வினாவுக்கு விடை அங்கே இருந்தது.

இன்னொரு பாடமும் உண்டு. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரின் பின், 1963இல் கல்லூரி மாணவருக்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளே அது நிலைத்தது. எதிர்ப்பு எழ, 1968இல் மீண்டும் மாணவரின் விருப்பத்துக்கே விடப்பட்டது. விரும்பி ஏற்ற ஒழுங்கே உள்ளத்தில் வேரூன்றும். திணித்த ஒழுங்கு அணிவகுப்பு முடிந்ததும் கலைந்துவிடும். அதே 1968இல் பாரத ரத்னா விருது தேடி வந்தபோது குன்ஸ்ரு அதனை ஏற்கவில்லை. குடியரசிலே பட்டங்கள் கூடாது என்று அரசியல் நிர்ணய சபையில் முன்னர் வாதிட்டவர் அவர். பிறர்க்குச் சொன்ன ஒழுங்கைத் தாமும் காத்த அப்பெரியார் 1978ஆம் ஆண்டு மறைந்தார்.

இவ்வரலாற்றை எளிய சொற்களில் அந்த அன்னைக்குச் சொன்னேன். அது இந்தியச் சட்டந்தானே, இங்கே என் பிள்ளை விலக விரும்பினால் விடுவார்களா என்று அவர் கேட்டார். மிக நேர்மையான கேள்வி அது. இருவருமாகப் பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் சென்றோம். சேர்வதும் விலகுவதும் பிள்ளையின் விருப்பமே என்று அவர் உறுதி கூறிய பின்னரே அன்னை ஒப்பமிட்டார்.

ஆசிரிய நண்பர்களே, மாணவரை அணியில் நிறுத்துமுன் பெற்றோரின் அச்சத்தைச் செவிமடுப்போமாக. நேரந் தவறாமையும், தோழனைத் தாங்கும் பண்பும், வெள்ளமோ மண்சரிவோ வந்தால் முதலில் ஓடிச்சென்று உதவும் துணிவும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அவற்றைத் தரும் பயிற்சி நல்லதே. ஆனால், சேவை முன்னே நிற்கவேண்டும். சீருடை அதன் பின்னே வரட்டும்.