காலாவதித் தேதிக்குப் பின்னால் ஒரு மருந்தியலாளர்

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இல்லையெனில், அதை வாங்க இன்று எவரும் தயங்குவர். ஆனால், நூறாண்டுகளுக்கு முன்பு மருந்தின் தரத்தை உறுதிசெய்ய இந்தியா முழுமைக்குமான சட்டம் ஏதும் இருக்கவில்லை. அந்நிலை மாற அடித்தளமிட்டவர் கர்னல் ராம்நாத் சோப்ரா.

1882-இல் குஜ்ரன்வாலாவில் பிறந்த சோப்ரா, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்று, 1908-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1921-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, இதய நோய்க்கான டிஜிட்டாலிஸ். கப்பலில் வந்திறங்கும் மருந்து, நம் நாட்டு வெப்பத்தில் வீரியத்தைத் தக்கவைத்துக் கொள்கிறதா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. போலி மருந்து மட்டுமன்று, வீரியமிழந்த நல்ல மருந்தும் நோயாளியை ஏமாற்றும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அக்காலத்தில் மலேரியாவுக்கான குயினைனிலும் கலப்படம் மலிந்திருந்தது. 1930-இல் அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவுக்கு சோப்ரா தலைமையேற்றார். நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம், சோதனைக் கூடங்கள், பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் ஆகியன தேவை என்று அக்குழு 1931-இல் பரிந்துரைத்தது. எனினும், சட்டம் பிறக்க 1940 வரையும், விதிகள் வர 1945 வரையும் காத்திருக்க நேர்ந்தது. இடையில், 1933-இல் இந்திய மூலிகைகள் குறித்த பெருநூலை வெளியிட்டார். பின்னர் ஜம்மு-காஷ்மீரில் மருந்தாய்வைத் தொடர்ந்த அவர், 1973-இல் மறைந்தார்.

அவர் வித்திட்ட சட்டத்தின் விதிகள், காலாவதியான மருந்தை விற்பதை இன்று தடை செய்கின்றன. பெரும்பாலான மருந்துகளின் ஆயுள் 60 மாதங்களைத் தாண்டலாகாது என்றும் வரையறுக்கின்றன. ஆனால், தேதி அட்டையின் ஓர் ஓரத்தில் மட்டுமே இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கும் ஒசூருக்கும் இடையிலுள்ள குருபரப்பள்ளி போன்ற தொழிற்பேட்டை ஊர்களில், அன்றாடக் கூலியில் நான்கு மாத்திரைகளை மட்டும் வெட்டி வாங்கும் தொழிலாளியின் கைக்கு அது வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு மாத்திரையின் பின்புறமும் தேதியை அச்சிடச் செய்வதும், அதுவரை கடைக்காரர் உறையின் மீது அதை எழுதித் தருவதும் கட்டாயமாக வேண்டும். வாங்குவோர் கண்ணில் படாத தேதி, யாரையும் காக்காது.