சேவற்குரலை ஆராய்ந்த செம்மல்

வைகறைப் பொழுதில் சேவல் கூவுகின்றது; ஊர் துயில் நீங்குகின்றது. அக்குரல் சேவலுக்கு எவ்வாறு வாய்க்கின்றது? இவ்வினாவிற்கு விடைகாண வழிவகுத்தவர் ஆர்னால்டு அடால்ஃப் பெர்த்தோல்டு என்னும் அறிஞர் ஆவர்.

இவர் ஜெர்மனி நாட்டிலுள்ள சோஸ்ட் நகரில் 1803ஆம் ஆண்டு பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியராய் விளங்கினார்.

உடலுறுப்பு ஒன்று மற்றவற்றை இயக்குவது நரம்புகளின் வழியே எனப் பலரும் கருதிய காலம் அது. பெர்த்தோல்டு அதனை ஆராய்ந்தறியத் துணிந்தார். 1848ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இளஞ்சேவல்கள் ஆறனைத் தேர்ந்துகொண்டார். இரண்டன் ஆண்மைச் சுரப்பிகளை முற்றும் நீக்கினார். வேறிரண்டனுள் ஒவ்வொன்றிலும் ஒரு சுரப்பியை நீக்கி, மற்றதனை உடலினுள்ளேயே தனித்து நிற்கச் செய்தார். எஞ்சிய இரண்டன் சுரப்பிகளை எடுத்து, ஒன்றன் சுரப்பியை மற்றொன்றன் குடல்களிடையே மாற்றி வைத்தார்.

சுரப்பியை முற்றும் இழந்த சேவல்களின் கொண்டை வளம் குன்றிற்று. முறையாகக் கூவும் ஆற்றலும் பொரும் வேட்கையும் அவற்றிடம் தோன்றவில்லை. ஏனைய நான்கும் மற்றைச் சேவல்களைப் போலவே கூவின, பொருதன. பின்னர் அவற்றை அறுத்துப் பார்த்தபோது, இடம்மாறிய சுரப்பி குடலோடு ஒட்டிக் குருதிக்குழாய்களைப் பெற்றிருந்தது. பழைய நரம்புத்தொடர்போ இல்லை. ஆகவே, சுரப்பியின் ஆற்றல் குருதியின் வழியே உடலெங்கும் பரவுகின்றது என அவர் தெளிந்தார். 1849ஆம் ஆண்டு நான்கே பக்கங்களில் அதனை வெளியிட்டார்.

உலகம் அதனைப் போற்றவில்லை. மீண்டும் செய்து பார்த்த அறிஞர் ஒருவர் அம்முடிவைப் பெற்றிலர். தம் ஆராய்ச்சியின் பெருமையை உலகம் உணருமுன்னரே, 1861ஆம் ஆண்டு பெர்த்தோல்டு மறைந்தார். இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயர் 1905ஆம் ஆண்டிலேதான் வழங்கலாயிற்று. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோன் 1935ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது.

அவர் காட்டிய நெறியில் ஆராய்ச்சி மேலும் வளர்ந்தது. இளவேனிலில் பகற்பொழுது நீளுங்கால், வடநாட்டுப் பாடும் பறவைகள் பலவற்றின் ஆண்களிடம் இந்த ஹார்மோன் பெருகுகின்றது, பாட்டும் மிகுகின்றது. அதே ஹார்மோன் நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குறைக்கவும் கூடும் என 1992ஆம் ஆண்டு ஃபோல்ஸ்டாட், கார்ட்டர் என்னும் இருவர் கருத்துரைத்தனர். அஃது உண்மையாயின், இனிய பாட்டு விலையின்றிக் கிடைப்பதன்று. அவ்விலையைத் தாங்கவல்ல நலமுடைய பறவையே நீண்டு பாடும். பெடை அப்பாட்டைக் கேட்டே துணையின் நலத்தை உணர்தல் கூடும். எனினும், எல்லாப் பறவைகளிடத்தும் சோதனைகள் ஒரே முடிவைத் தரவில்லை, ஆராய்ச்சி தொடர்கின்றது.

நாள்தோறும் கேட்கும் குரலிலும் அறியத்தக்கது உண்டு எனக் கண்டவர் பெர்த்தோல்டு. உண்மை உடனே போற்றப்படாது கிடப்பினும் அழிந்துபடாது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.