ஜொகூர் மன்னரின் தாய் செசிலியா

ஜொகூர் மாநிலத்தில் லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே அமைந்த சிற்றூர் பெக்கோக். 1909ஆம் ஆண்டு ஜொகூர் இரயில் பாதை திறக்கப்பட்ட பின்னர், இவ்வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. பால்மரம் சீவத் தமிழர்கள் கப்பலேறி வந்தனர். அன்று ஜொகூரை ஆண்டவர் சுல்தான் இப்ராஹிம். கடல் கடந்து வந்த அம்மக்களை ஆண்ட மன்னரின் தாயும் கடல் கடந்து வந்தவரே என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

அவருடைய இயற்பெயர் செசிலியா கேத்தரினா லாங்கே. 1848ஆம் ஆண்டு பாலித் தீவில் பிறந்தார். தந்தை மாட்ஸ் லாங்கே டென்மார்க் நாட்டுக்காரர். தாயார் ஓங் சாங் நியோ சீனப் பெண்மணி. லாங்கே முதலில் லொம்போக் தீவில் வணிகம் செய்தார். அங்கு மூண்ட போரில் அவர் சார்ந்திருந்த அரசர் தோற்றதால் பாலிக்குத் தப்பி வந்து, கூத்தா கடற்கரையில் பெரும் வணிகராக உயர்ந்தார். பாலி அரசர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த அவர், 1849இல் அவர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் இடையே அமைதி ஏற்படத் தூது நின்றார். 1856இல் லாங்கே காலமானபோது செசிலியா எட்டு வயதுச் சிறுமி.

சிங்கப்பூரில் வளர்ந்த செசிலியாவை, ஜொகூரின் ஆட்சியாளரான அபு பக்கார் 1870இல் மணந்தார். 1862இல் தெமெங்கோங்காகப் பொறுப்பேற்று, 1868இல் மகாராஜாவாகவும் 1885இல் சுல்தானாகவும் உயர்ந்தவர் அவர். இஸ்லாத்தைத் தழுவிய செசிலியா, சுபைடா பிந்தி அப்துல்லா ஆனார். மதம் மாறியோர் தந்தை பெயருக்குப் பதிலாக அப்துல்லா என்று இட்டுக்கொள்வது வழக்கம். இவ்வாறு லாங்கே என்ற பெயர் மகளின் பெயரிலிருந்து மறைந்தது.

சிங்கப்பூரில் அவருக்கென அமைந்த மாளிகையின் பெயர் பிடாடாரி. தேவமகளிரைக் குறிக்கும் இந்த மலாய்ச் சொல், வடமொழியின் வித்யாதரியிலிருந்து பிறந்தது. மகள் மரியம் 1871இலும் மகன் இப்ராஹிம் 1873இலும் பிறந்தனர். பின்னாளில் அந்நிலம் கல்லறைத் தோட்டமாக மாறியது. இந்துக்களுக்கும் அதில் ஒரு பகுதி இருந்தது. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன; பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

அபு பக்காருக்கு வேறு மனைவியரும் இருந்தனர். சீன வம்சத்தைச் சேர்ந்த பாத்திமாவும் துருக்கியிலிருந்து வந்த சர்க்காசியப் பெண்மணி கதீஜாவும் சுல்தானா என்று அழைக்கப்பட்டனர். சுபைடாவோ எஞ்சே பெசார் என்றே அறியப்பட்டார். ஆயினும் அரியணை அவர் மகனையே சேர்ந்தது. 1895 ஜூன் மாதம் அபு பக்கார் இலண்டனில் காலமானார். 22 வயது நிரம்பாத இப்ராஹிம் ஆட்சிக்கு வந்தார். 1959 வரை 64 ஆண்டுகள் ஆண்டார்.

கணவரை இழந்த பின் சுபைடா மேலும் 41 ஆண்டுகள் வாழ்ந்தார். மிளகும் காம்பிரும் விளைந்த ஜொகூர், ரப்பர் நாடாக மாறியது அவர் கண்முன்னேதான். இரயில் வந்தது, 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்கும் உடன்படிக்கை வந்தது, 1924இல் ஜொகூர் பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 1936இல் அவர் மறைந்தார். 2024 ஜனவரி 31ஆம் நாள் மலேசியாவின் 17ஆவது மாமன்னராகப் பொறுப்பேற்ற சுல்தான் இப்ராஹிமுக்கு, இவர் கொள்ளுத்தாத்தாவின் தாயாவார்.

டேனிஷ் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பாலியில் பிறந்த ஒருவரின் வழித்தோன்றல்களை இன்று எவரும் வந்தவர் என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. ஒரு மண்ணில் பிள்ளை பெற்று, உழைத்து, அங்கேயே அடங்கியவர்களின் வழிவந்தோர் அம்மண்ணுக்கு உரியவர்களே. அரண்மனைக்குப் பொருந்தும் இந்த நியாயம் தோட்டத்து லயத்துக்கும் பொருந்தும்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. செசிலியாவின் பெற்றோர் யார், எந்த ஊரார், எந்த ஆண்டில் மணமானார் என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. பெக்கோக்கில் இருளோடு எழுந்து மரம் சீவிய நம் பாட்டிமாரின் ஊரும் கப்பலும் ஆண்டும் எந்த ஏட்டில் இருக்கின்றன? அவர்களைப் பற்றிச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் அவர்களிடம் கேட்போம். கேட்டதைத் தமிழில் எழுதி வைப்போம்.