பௌதிக அறிஞர் பீலிக்ஸ் புளொக்

பீலிக்ஸ் புளொக் 1905 ஆம் ஆண்டு ஒக்டோபர் 23 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அந்நகரின் புகழ்பெற்ற தொழினுட்பக் கல்லூரியில் பொறியியல் பயிலப் புகுந்தவர் விரைவிலேயே பௌதிகவியலுக்கு மாறினார். பின்னர் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஹைசன்பேர்க்கிடம் பயின்று, பளிங்குகளினூடே இலத்திரன்கள் இயங்குமாற்றை ஆராய்ந்து 1928 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் புளொக் ஜேர்மனியை விட்டு வெளியேறினார். ரோமில் பேர்மியிடம் சிறிது காலம் பணியாற்றியபின், 1934 இல் கலிபோர்ணியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தை அடைந்தார். பணியையும் சூழலையும் இழந்து, வேற்றுமொழி பேசும் ஊரில் மீண்டும் தொடங்குவது எத்தகையதென்பதை இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கணிதமும் கொள்கையுமே தொழிலாகக் கொண்டிருந்த புளொக், சோதனைகளில் இறங்கியது அங்கேதான்.

ஐதரசன் அணுவின் கரு சுழலும் பம்பரம் போன்றது. நுண்ணிய காந்தமும் ஆகும். வலிய காந்தப் புலத்தில் வைத்து, தக்க மீடிறனுடைய வானொலி அலையைச் செலுத்தினால் அது அவ்வலைக்கு இசைந்து பரிவுறும். 1946 இல் ஹான்சன், பக்காட் ஆகியோருடன் சேர்ந்து புளொக் இதனைத் தண்ணீரிற் கண்டார். அதே வேளையில் ஹாவார்ட்டில் பேர்செல் குழுவினரும் மெழுகில் இதனைக் கண்டிருந்தனர். 1952 இல் நோபல் பரிசு புளொக், பேர்செல் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

கருக்களின் காந்த வலிமையைத் துல்லியமாக அளப்பதே புளொக்கின் நோக்கமாயிருந்தது. ஆனால் 1950 இல் அவருடைய ஆய்வுகூடத்தில் புரொக்டரும் யூவும் அமோனியம் நைத்திரேற்றிலுள்ள நைதரசனை ஆராய்ந்தபோது, ஒரு கோடு தோன்றவேண்டிய இடத்தில் இரண்டு தோன்றின. கருவைச் சூழ்ந்த இலத்திரன்கள் காந்தப் புலத்தைச் சிறிது மறைப்பதே காரணம். அளவையே நாடிய பௌதிகருக்கு இது பெருந்தொல்லை, இரசாயனருக்கோ பெரும்பேறு. 1951 இல் ஆர்னோல்ட், இந்தியரான தர்மாட்டி, பக்காட் ஆகிய மூவரும் எதனோலின் ஆறு ஐதரசன்களும் 3, 2, 1 என மூன்று கூட்டங்களாகப் பிரிந்து நிற்பதைக் காட்டினர்.

இதன் பயனுக்கு நாம் படுத்துறங்கும் மெத்தையே சான்று. அதன் நுரைப்பொருளான பொலியூரித்தேன், 1937 இல் ஜேர்மனியின் லெவர்குசனில் ஒற்றோ பேயர் குழுவினர் கண்ட பல்பகுதியம். பெயர் ஒன்றாயினும் வகை பல. கண்ணாற் பார்த்துப் பிரித்தறிய இயலாது. கருக் காந்தப் பரிவுத் திருசியமோ பிரித்துக் காட்டும். பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்னும் அதன் அளவுகோலில், இரு பென்சீன் வளையங்களை இணைக்கும் மெதிலீன் கூட்டம் 3.8 ஐ அண்டித் தோன்றும். வளையத்தில் ஒட்டிய மெதைல் கூட்டம் 2.1 ஐ அண்டித் தோன்றும். எந்த ஐசோசயனேற்றிலிருந்து பொருள் ஆக்கப்பட்டதென்பதை இவை காட்டிவிடும். 1.1 ஐ அண்டி மெதைலுக்குரிய வலிய கோடு நின்றால், மென்பகுதி பொலிபுரொப்பிலீன் கிளைக்கோலாக இருக்கக்கூடும். இறுகப் பின்னிய நுரை எளிதிற் கரையாதாகையால், அதனை முதலில் இரசாயன முறையிற் சிதைத்து ஆராய்வதும் உண்டு.

1954 இல் புளொக் ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணுவாய்வு நிறுவனத்தின் முதலாவது பணிப்பாளர் நாயகமானார். அப்பதவியில் நீடிக்காது அடுத்த ஆண்டே ஸ்ரான்போர்ட்டுக்குத் திரும்பினார். 1983 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் திகதி, பிறந்த சூரிச் நகரிலேயே காலமானார்.