கப்பித்தான் காதர் முகைதீன் மரைக்காயரும் அவர்தம் குடும்ப அடக்கத்தலமும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகருக்குச் செல்லும் நம்மவர்கள் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுது, அதன் குவிமாடங்களையும் மினாராவையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். ஆயினும், அப்பள்ளிவாசலை நிறுவிய பெருமகனார் அடங்கியுள்ள இடத்தை அறிந்து செல்வோர் சிலரே.

மர்ஹூம் காதர் முகைதீன் மரைக்காயர் அவர்கள் சோழமண்டலக் கரையின் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த கப்பல் வணிகர். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் துறைமுகம் அமைப்பதற்கு முன்பிருந்தே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அருகிலிருந்த கெடாவோடு வாணிபம் செய்து வந்தனர். புதிய துறைமுகம் எழுந்ததும் அவர்களிற் பலர் அங்குக் குடியேறினர். அவ்வாறு குடியேறியவர்களுள் தலைமை சான்றவராக விளங்கிய அன்னாரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சமூகத் தலைவராக நியமித்தனர். கப்பித்தான் என்பது அப்பதவியின் பெயர். கிளிங் என்பது தென்னிந்தியரைக் குறிக்க அக்காலத்தில் அங்கு வழங்கிய சொல்.

1801ஆம் ஆண்டில் முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்கெனக் கம்பெனியார் 18 ஏக்கர் நிலம் வழங்கினர். அந்நிலத்தில் அன்னாரின் முயற்சியால் பள்ளிவாசல் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது விரிவாக்கப்பட்டு இன்றைய தோற்றத்தைப் பெற்றது.

1834ஆம் ஆண்டில் அன்னார் வஃபாத்தானார்கள். பள்ளிவாசலுக்கு அண்மையில், கம்போங் கோலம் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். கோலம் என்ற மலாய்ச் சொல் நமது குளம் என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. மரைக்காயர் என்ற குடிப்பெயரும் அந்நாட்டில் மெரிக்கான் எனத் திரிந்து வழங்குகின்றது.

அன்னாரின் புதல்வர் முகம்மது நூர்தீன் மெரிக்கான் அவர்களும் பெருவணிகராக விளங்கினார்கள். அவர்தம் குடும்பத்தாரின் கபர்கள் அமைந்த தனி அடக்கத்தலம் சூலியா தெருவில் உள்ளது. 1870ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அவருடைய மரணசாசனம் நீதிமன்றம் சென்றது. முஸ்லிம் ஒருவரின் சாசனத்திற்கும் ஆங்கிலேயச் சட்டமே பொருந்தும் என 1871ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. முன்னோர் எழுதி வைத்த ஏற்பாடுகள் எத்துணை எளிதில் நிலைகுலையக் கூடும் என்பதற்கு இவ்வழக்கு ஒரு சான்று. பின்னர் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளை மேற்பார்வையிட ஒரு வாரியம் ஏற்பட்டது.

2000ஆம் ஆண்டில் மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியதும் பழைய நகரில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பலர் இடம்பெயர்ந்தனர். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தது. நகரின் பெருமை உயர்ந்தது. நிலத்தின் விலையும் உயர்ந்தது. கபரில் உள்ளோரை அறிந்த அண்டை வீட்டார் அகன்றுவிட்டால், சுற்றுச்சுவரும் கல்லும் மட்டும் அவ்விடத்தின் கதையைச் சொல்லிவிட இயலுமா?

குடும்ப அடக்கத்தலத்தின் மதிப்பு கட்டடத்தின் அழகில் மட்டும் இல்லை. பெருமைக்காகவோ சடங்குகளுக்காகவோ அதனைப் போற்ற வேண்டும் என்பதும் அன்று. பள்ளிவாசல் ஒரு சமூகம் வாழ்ந்ததைக் காட்டும். அச்சமூகத்தின் இன்னின்னார் அங்கேயே வாழ்ந்து, அம்மண்ணிலேயே அடங்கினர் என்பதைக் கபர்களே காட்டும். வணிகத்திற்கு வந்து திரும்பியவர்கள் அல்லர், வேரூன்றிய குடிமக்கள் என்பதற்கு அதனினும் உறுதியான ஆவணம் வேறில்லை. அந்நிலம் மறைந்தால் பள்ளிவாசல் நிற்கும். அதனை எழுப்பியவர் வெறும் பெயராகிவிடுவார்.

ஆதலின் ஜமாஅத்தார் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் மையவாடியையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். நிலம் வழங்கியோர் பெயர், பத்திரங்கள், எல்லைகள், பழைய மீஸான் கற்களின் எழுத்துகள் ஆகியவற்றை, விவரம் அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே எழுதி வைத்தல் நன்று. கற்கள் தேய்ந்தபின் கேட்டறிய ஆளிருக்கமாட்டார்.

மர்ஹூம் காதர் முகைதீன் மரைக்காயர் அவர்களின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்று, அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.