காட்டைக் காணக் கற்றவர்

நுழையும்முன்

தேசியப் பூங்காக்களுக்கும் வனவிலங்குச் சரணாலயங்களுக்கும் சுற்றுலா செல்வோர் பலர். புலியைக் காணவில்லை, யானை எதிர்ப்படவில்லை என்று மனக்குறையோடு திரும்புவோரும் அவர்களுள் உண்டு. காட்டில் ஓசையின்றி நடப்பதும், பொறுமையுடன் காத்திருப்பதும், கண்டதை வரைந்தும் எழுதியும் வைப்பதுமே பெரும் இன்பம் என வாழ்ந்து காட்டியவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

மா. கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தமிழ்ப் புதின முன்னோடிகளுள் ஒருவரும் ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் புதினத்தின் ஆசிரியருமான அ. மாதவையாவே இவருடைய தந்தை. எட்டு மக்களுள் இவர் கடைசிப் பிள்ளை. 1925ஆம் ஆண்டில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் எனச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் வாதிட்ட மாதவையா, அங்கேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. அக்காலத்தில் அப்பகுதியில் புதர்க்காடுகள் மண்டிக் கிடந்தன. நரிகளும் வெளிமான்களும் அங்கே உலவின. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்து மகிழ்ந்தான். இயற்கையை அறிய அவன் தொலைதூரக் காட்டைத் தேடிச் செல்லவில்லை. வீட்டைச் சூழ்ந்திருந்த புதரே அவனுக்கு முதற்பள்ளியாயிற்று.

1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்த கிருஷ்ணனின் ஆர்வத்தைத் தாவரவியல் பேராசிரியர் பைசன் வளர்த்தார். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் களப்பயணம் சென்று, செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே கண்டு கற்றார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் பயின்றார். ஒரு செடியை வரைய வேண்டுமாயின், அதன் இலையடுக்கையும் பூவின் இதழ்களையும் கூர்ந்து நோக்கியாக வேண்டும். ஓவியப் பயிற்சியே அவருக்கு உற்றுநோக்கும் பயிற்சியுமாயிற்று.

இத்தகைய ஆற்றல் இருந்தும் தேர்வுகளில் அவர் சிறந்த மதிப்பெண்களைப் பெறவில்லை. பட்டம் பெற்ற பின்னரும் நல்ல வேலை எளிதில் கிடைக்கவில்லை. கட்டுரை எழுதியும் படம் வரைந்தும் சிறு வருவாய் ஈட்டினார்.

வாழ்வைத் தீர்மானித்த முடிவு

1942இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கே ஏற்றார். ஓய்வு நேரங்களில் அப்பகுதியின் குன்றுகளிலும் காடுகளிலும் திரிந்தார். ஆடுகளும் புறாக்களும் வளர்த்து அவற்றின் இயல்புகளை அறிந்தார்.

1949இல் சண்டூர் சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. அப்போது கிருஷ்ணன் முப்பத்தேழு வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். குடும்பப் பொறுப்பும் இருந்தது. மீண்டும் ஒரு நிலையான பணியைத் தேடியிருக்கலாம். அவரோ சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஒளிப்படக் கலையையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். இயற்கையைப் பற்றி எழுதிப் பிழைக்கலாம் என்பதை எவரும் எண்ணிப் பாராத காலம் அது. மாதச் சம்பளத்தைத் துறந்து அவர் பெற்றது, விரும்பிய போது காட்டுக்குச் செல்லும் உரிமை.

துப்பாக்கிக்கு மாற்றாக ஒளிப்படக் கருவி

அந்நாளில் வசதி படைத்தோர்க்குக் காட்டுப் பொழுதுபோக்கு என்றால் அது பெரும்பாலும் வேட்டையே. கொன்ற புலியின் மீது காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வதைச் சிலர் பெருமையாகக் கருதினர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும் வரை, உரிமம் பெற்று வேட்டையாடுவது பல இடங்களில் வழக்கமாகவே இருந்தது. அத்தகைய காலத்தில் கிருஷ்ணன் ஒளிப்படக் கருவியைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்றார்.

அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பெரிய கருவி ஒன்றுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். முதுமலை, பெரியாறு முதலிய காடுகளில் நடந்தும், பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்தும் காட்டு விலங்குகளைப் படம் எடுத்தார். யானையின் மணம் மனித மணத்தை மறைப்பதால், காட்டு விலங்குகள் யானை மீதிருக்கும் மனிதரைக் கண்டு எளிதில் மிரளுவதில்லை.

காட்டில் காண்பதற்குப் பயிற்சி வேண்டும். யானைக்குக் கண்பார்வையைவிட மோப்ப ஆற்றல் மிகுதி. ஆகவே, காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். புள்ளிமான்கள் மேயும் இடத்தில் மரத்தின் மேல் மந்திக் கூட்டம் இருப்பதுண்டு. குரங்குகள் உதிர்க்கும் தழைகளை மான்கள் தின்னும். உயரத்திலிருந்து புலியையோ சிறுத்தையையோ காணும் குரங்கு எழுப்பும் எச்சரிக்கைக் குரல் மான்களுக்கும் பயன்படும். இவற்றை அறிந்தவருக்குப் புலி கண்ணில் படாவிட்டாலும் காடு வெறுமையாகத் தோன்றாது. ஒரு குரலும் ஒரு காலடித் தடமும் அவருக்குச் செய்தி சொல்லும்.

எழுத்தும் ஆய்வும்

கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் கிருஷ்ணன் ஒரு பத்தியைத் தொடங்கினார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் அதனை எழுதிவந்தார். யானையையும் காட்டெருதையும் பற்றி எழுதிய அதே அக்கறையுடன் அணிலையும் காக்கையையும் ஓணானையும் பற்றி எழுதினார். கட்டுரைகளுக்கான கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார். 1961இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்’. காட்டையும் வீட்டுக் கொல்லையையும் ஒருசேர வைத்த அத்தலைப்பே அவருடைய பார்வையை உணர்த்தும்.

1960இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1968இல் ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிக் களஆய்வு மேற்கொண்டார். அதனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது. 1995இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ சிறப்புப் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

ஒரு நிலத்துக்கு உரிய மரங்களும் விலங்குகளுமே அந்நிலத்தின் அடையாளம் என்பது அவருடைய கொள்கை. அழகு கருதி அயல்நாட்டு மரங்களை நட்டு நம் மண்ணின் மரங்களைப் புறக்கணிப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார்.

தமிழுக்கு ஆற்றிய பணி

ஆங்கிலத்தில் புகழ்பெற்ற கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவான ‘கலைக்களஞ்சியம்’ நூல்தொகுதிக்கு உயிரினங்கள் பற்றிய கட்டுரைகளை வழங்கினார். அறிவியல் செய்தியை எளிய இனிய தமிழில் சொல்ல இயலும் என்பதற்கு அவருடைய எழுத்து சான்றாகும். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூல் 2002இல் வெளிவந்தது.

நாமும் காண்போம்

சென்னை மாநகருக்குள்ளேயே கிண்டி தேசியப் பூங்கா உள்ளது. முன்னர் ஆளுநர் மாளிகையைச் சார்ந்த காடாக இருந்து, 1978இல் தேசியப் பூங்காவான அவ்விடத்தில் இன்றும் வெளிமானும் புள்ளிமானும் நரியும் வாழ்கின்றன. மேற்குப் புறநகரில் வாழும் மாணவர்களுக்கு அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பருத்திப்பட்டு ஏரிகள் அருகிலேயே உள்ளன. மழைக்காலம் முடிந்து பனிக்காலம் தொடங்கும் நாள்களில், விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்றால் கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் முக்குளிப்பானையும் தாழைக்கோழியையும் காணலாம்.

அங்கே செய்யத்தக்கவை பல. கரையோரமாக மெல்ல நடக்கலாம், ஓரிடத்தில் அரைமணி நேரம் அசையாது அமரலாம், பறவையின் அலகையும் காலையும் நோக்கி அது எவ்வாறு இரை தேடுகிறது என ஊகிக்கலாம், நாள், நேரம், வானிலை ஆகியவற்றுடன் கண்டதைக் குறிக்கலாம், தெரிந்தவரை வரையலாம். உரத்த ஒலி எழுப்புவதும், விலங்குகளுக்குத் தின்பண்டம் வீசுவதும், கூட்டை நெருங்கிப் படம் எடுப்பதும் தவிர்க்கத்தக்கவை. புலிகள் காப்பகங்களுக்குச் செல்லும்போது, வனத்துறை இசைவளித்த வழியில் மட்டுமே செல்ல வேண்டும். ஊர்தியை விட்டு இறங்குதல் கூடாது. உயிரினத்துக்குத் தொல்லை தராமல் காண்பதே காட்சியின் இலக்கணம்.

மதிப்பெண்ணால் உயரவில்லை எனினும், கூர்ந்து நோக்கும் கண்ணாலும் ஓயாத உழைப்பாலும் உயர்ந்தவர் மா. கிருஷ்ணன். அவருக்கு வாய்த்த அரிய கருவிகள் ஒரு பென்சிலும் ஒரு குறிப்பேடும் பொறுமையுமே. அம்மூன்றும் நமக்கும் எளிதில் கிட்டக்கூடியவை.