மும்மொழி மாணவர்

எட்வின் ரைஷவரை 1961 முதல் 1966 வரை ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்கத் தூதராகவே பலர் அறிவர். என்னை ஈர்ப்பதோ அவரது மாணவப் பருவம். 1910-இல் டோக்கியோவில் மதபோதகர் இல்லத்தில் பிறந்த அவருக்கு ஜப்பானிய மொழி சிறுவயதுப் பழக்கம். அதனுடன் அமைந்துவிடாமல் ஹார்வர்டிலும் பாரிஸிலும் சீனமும் பயின்றார்.

9-ஆம் நூற்றாண்டில் சீனம் சென்ற என்னின் என்ற துறவியின் நாட்குறிப்பை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். எழுதியவர் ஜப்பானியர், எழுதிய மொழி செவ்வியல் சீனம், அவருக்கு வழிநெடுக உதவியவர்களில் பலர் சீனக் கடற்கரையில் குடியேறிய கொரியர்கள். ஒரே மொழி கற்றவருக்கு அந்நூல் பாதிதான் திறக்கும். பொருளியல் கற்பித்தவன் என்பதால், அன்றைய கடல் வாணிகத்தில் கொரியர் வகித்த பங்கை அது காட்டுவதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1937-இல் சீன-ஜப்பானியப் போர் மூண்டது. ஜப்பானியவியல் அறிஞரான அவருடைய அண்ணன் ராபர்ட், ஷாங்காயில் குண்டுவீச்சுக்குப் பலியானார். சீனம் செல்ல வழியின்றிச் சியோலில் தங்கிய ரைஷவர், ஜார்ஜ் மெக்கியூனுடன் சேர்ந்து கொரிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை வகுத்தார். அமெரிக்க நூலகங்களில் அது நெடுங்காலம் நிலைபெற்றது.

1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். மூன்றே ஆண்டுகளில், தாம் பிறந்த நாட்டின் இரகசியச் செய்திகளைப் படிக்கவல்ல மொழிபெயர்ப்பாளர்களை அமெரிக்கப் படைக்காகப் பயிற்றுவிக்கும் பணி அவரைத் தேடி வந்தது. ஏற்றுக்கொண்டார்.